வெற்றுக்கூட்டைப் படியுங்கள்: வேட்டை ரைஃபிளுக்குக் கையால் அடைத்த தோட்டாக்களில் பிழை நீக்கும் வழிமுறை

ரைஃபிளின் பின்புறத்தை மூடிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கக் கனத்தால் அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே வரியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் அந்த வரி இதுதான்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மான் வேட்டைக்காக .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்குப் பல ஆண்டுகளாகத் தோட்டா அடைத்து வருகிறேன். தோட்டா சரியாக வேலை செய்யாதபோது பெரும்பாலோரின் கை முதலில் மருந்தின் அளவை மாற்றத்தான் போகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழெட்டு முறை கோளாறு மருந்தில் இருக்கவில்லை. சுட்டு முடித்த வெற்றுக்கூடு கோளாறு எங்கே என்பதை ஏற்கெனவே சொல்லியிருக்கும். அதைப் படிக்காமல் மருந்தைத் தொட்டால் பழைய பிழை அப்படியே இருக்க, புதிதாக ஒன்று சேர்ந்துகொள்ளும்.

பித்தளை உறையைக் கூடு என்கிறேன். அதற்குக் கழுத்து, தோள், உடல், அடி என்று பாகங்கள் உண்டு. பறந்து செல்லும் உலோகம் குண்டு. உள்ளே எரிவது மருந்து. அடியில் பதித்திருப்பது, ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம் அறை. மருந்து அளவு எதையும் இங்கே தரவில்லை. அது உங்கள் குண்டுக்கும் மருந்துக்கும் தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே வர வேண்டும். நீங்கள் வாழும் நாட்டில் சொந்தமாகத் தோட்டா அடைக்கச் சட்டம் இடம் தருகிறதா என்பதையும் முதலில் பாருங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் வட அமெரிக்கா போன்று இதற்கு அனுமதியுள்ள இடங்களுக்கே பொருந்தும்.

அறிகுறி: போல்ட் திறக்கக் கனக்கிறது, கூட்டின் அடியில் பளபளப்பான வட்டத் தடம்

இது அழுத்தம். .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கூட்டைத் தள்ளிவிடும் ஊசி தன் வட்டத்தைப் பித்தளையில் பதிக்கிறது என்றால் பித்தளை இளகி அந்தத் துளைக்குள் வழிந்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்கு இது தெரிகிற வேளையில் எல்லையைப் பெரும்பாலும் தாண்டியிருப்பீர்கள். பிரைமர் தட்டையாவதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மென்மையான பிரைமர்கள் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். சுட்ட கூட்டை மறுபடி அளவுக்குச் சுருக்கும் டை என்னும் அச்சில் தோளைத் தேவைக்கு மேல் பின்தள்ளிய கூட்டிலும் பிரைமர் தட்டையாகத் தெரியும். ஆனால் கனக்கும் போல்ட், வட்டத் தடம், அடுத்த முறை பிரைமர் இறுக்கமில்லாமல் இறங்கும் அளவுக்குத் தளர்ந்த குழி ஆகிய மூன்றும் பொய் சொல்வதில்லை.

சுடுவதை நிறுத்துங்கள். அந்தத் தொகுதியில் மீதமுள்ள தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய், குண்டு பிடுங்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். மூன்று நான்கு தோட்டாக்களின் மருந்தைத் தனித்தனியாக எடைபோடுங்கள். அதற்கு முன் தராசைச் சோதனை எடைக்கல்லால் சரிபாருங்கள். ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம்தான். மின்னணுத் தராசு அருகிலுள்ள விசிறிக் காற்றிலும், சூடேறாத முதல் சில நிமிடங்களிலும் எளிதாகத் தடம் மாறும்.

எடை சரியாக இருந்தால் அடுத்த கேள்வி இது: மேசையில் இருந்தது எந்த மருந்துப் புட்டி? என் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே புட்டிதான் இருக்கும். மற்றவை பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். அளவுக் கருவியில் மிஞ்சிய மருந்தை அன்றே புட்டிக்குத் திருப்பிவிடுவேன். எந்தப் புட்டியிலிருந்து வந்தது என்று சந்தேகம் வந்த மருந்தைத் தோட்டத்து மண்ணில் தூவிவிடுவேன். மருந்தின் விலையைப் பார்த்து இதில் தயங்கவே கூடாது.

அதுவும் சரி என்றால் கூட்டின் தயாரிப்பாளரைப் பாருங்கள். எனக்கு நேர்ந்தது இதுதான். ஒரு கோடையில் சுடுகளத்தில் பொறுக்கிய இராணுவக் கூடுகளை என் வழக்கமான கூடுகளோடு கலந்துவிட்டேன். வெளி அளவில் .308ஐப் போலவே இருக்கும் இராணுவத்துக்கான 7.62 மி.மீ. கூடுகள் பலவற்றில் சுவர் தடிமன் அதிகம், உள்ளிடம் குறைவு. மருந்து, குண்டு, எடை எல்லாம் அதேதான். ஆனால் ஆறாவது தோட்டாவில் போல்ட்டைத் திறக்க உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தது. மருந்தின் அளவை ஒரு துளிகூடக் கூட்டாமலே அழுத்தம் ஏறியிருந்தது. கூடு மாறினாலும், குண்டோ பிரைமரோ மாறினாலும், மருந்தின் புதிய புட்டி வேறு தொகுதி எண்ணோடு வந்தாலும், கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி அங்கிருந்து மறுபடி ஏறி வர வேண்டும்.

இன்னும் மூன்று காரணங்கள் அடிக்கடி கண்ணில் படாமல் போகின்றன. கூடு நீண்டுவிட்டால் அதன் வாய் அறையின் முனையில் நெரிந்து குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும்; .308க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிச் சீராக்கும் நீளம் 2.005. குண்டைச் சுழற்றக் குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் வரிகளான புரியில் குண்டு முட்டி நிற்கலாம். அறையில் எண்ணெய் படிந்திருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுவதில்லை, ஆனால் கூடு அறைச் சுவரைப் பிடித்து நிற்க விடாமல் போல்ட்டின் மேல் விழும் சுமையைக் கூட்டிவிடும்.

குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியும் அழுத்தத்தைச் சொல்லும். அதே நீளக் குழலில் கையேடு சொல்லும் வேகத்தைவிட உங்கள் தோட்டா வெகுவாக அதிகம் காட்டினால் மகிழ வேண்டாம். அந்தக் கூடுதல் வேகத்துக்கான விலையை அழுத்தம்தான் கொடுத்திருக்கிறது.

எதிர்த் திசையிலும் ஒரு எச்சரிக்கை. மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் குறைந்த அளவுக்கும் கீழே இறக்காதீர்கள். கூடு பாதி காலியாக இருக்கும்போது எரிதல் ஒழுங்கு தவறி அழுத்தம் திடீரென எகிறியதாகப் பதிவுகள் உண்டு.

அறிகுறி: தோட்டா அறைக்குள் முழுதாகப் போகவில்லை

என் முதல் பருவத்தின் முதல் காலை. விடிந்தும் விடியாத நேரம், உறைபனி, எண்பது கெஜத்தில் ஒரு வெள்ளைவால் மான். போல்ட் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த தோட்டாவும் அதே இடத்தில் நின்றது. மான் அவசரமே இல்லாமல் நடந்து போய்விட்டது. தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணால் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. தோட்டாவைப் பிரித்து, பிரைமரையும் அகற்றி, கூட்டை மட்டும் மார்க்கர் மையால் கறுப்பாக்குங்கள். வெற்று ரைஃபிளின் அறைக்குள் மெல்லச் செலுத்தி வெளியே எடுங்கள். மை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே முட்டுகிறது. குண்டு முட்டுகிறதா என்று அறிய, மருந்தும் பிரைமரும் இல்லாத கூட்டில் குண்டை மட்டும் பதித்து இதையே செய்யுங்கள். உயிருள்ள தோட்டாவை வைத்து வீட்டுக்குள் இந்தச் சோதனை கூடாது.

தோளின் முகப்பில் மை தேய்ந்திருந்தால் அளவுப்படுத்தும் டை போதிய அளவு கீழே இறங்கவில்லை. சில வேளை டை சரியாகவே இருக்கும். கழுத்தின் உட்புறம் உலர்ந்து கிடந்ததால், கழுத்தை உள்ளிருந்து விரித்தபடி வெளியே வரும் டையின் விரிகுமிழ் தோளையும் சேர்த்து முன்னே இழுத்திருக்கும். கழுத்துக்குள் சிறிது மசகு தடவினால் தீரும். குண்டின் மேல் மை தேய்ந்திருந்தால் இன்னும் ஆழமாகப் பதியுங்கள். கூட்டின் வாயில் தேய்ந்திருந்தால் நீளத்தை அளந்து வெட்டுங்கள்.

என் தோட்டாவில் மை தேய்ந்திருந்தது தோளுக்குச் சற்றுக் கீழே, உடலும் தோளும் சேரும் மூலையில். குண்டு பதிக்கும் டையை அளவுக்கு மீறிக் கீழே திருகியிருந்தேன். அதிலுள்ள மடிப்பு வளையம் கூட்டின் வாயைக் கீழ்நோக்கி அமுக்க, தோள் மயிரிழை அளவு பிதுங்கியிருந்தது. விரலுக்குத் தட்டுப்படவில்லை, அறைக்குத் தட்டுப்பட்டது. டையை ஒரு சுற்று மேலே தூக்கி, பதிக்கும் தண்டை மட்டும் கீழிறக்கியதும் சரியாகிவிட்டது. அந்த மானை நினைத்து இன்றும் எனக்கு வருத்தமில்லை. அரைகுறையாகப் பூட்டிய போல்ட்டை வலிந்து அடித்து மூடாமல் விட்டேனே என்ற நிம்மதிதான் இருக்கிறது.

அறிகுறி: கூட்டின் அடிக்குச் சற்று மேலே வெளிறிய, பளபளக்கும் வளையம்

கூடு இரண்டாகப் பிரியப் போகிறது. தோளை ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறிப் பின்தள்ளினால், சுடும்போது கூடு முன்னும் பின்னுமாக நீள வேண்டியிருக்கிறது. அந்த இழுவை முழுவதும் அடிக்கு மேலேயுள்ள ஒரே இடத்தில் பித்தளையை மெலிதாக்குகிறது. காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, முனையை மட்டும் சிறு கொக்கியாக வளைத்து, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். வளையம் இருக்கும் இடத்தில் கொக்கி ஒரு பள்ளத்தில் விழுந்தால், அந்தக் கூட்டை மட்டுமல்ல, அதே எண்ணிக்கை முறை சுட்ட எல்லாக் கூடுகளையும் நசுக்கி எறிந்துவிடுங்கள்.

பிறகு காரணத்தைத் திருத்துங்கள். சுட்ட கூட்டின் தோள் உயரத்தை அதற்கான அளவுகோலால் அளந்து, போல்ட் ரைஃபிள் என்றால் அதிலிருந்து ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் பின்தள்ளும்படி டையை அமையுங்கள். கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் கூடுதாங்கியை டை தொட்ட பின் இன்னும் கால் சுற்று இறக்குங்கள் என்னும் பொதுவான குறிப்பு எல்லா ரைஃபிளுக்கும் எல்லா டைக்கும் பொருந்துமாறு எழுதியது. உங்கள் அறைக்கு அது மிகையாக இருக்கலாம். அளந்து பார்த்த பிறகு என் கூடுகள் முன்பைவிட இரண்டு மடங்கு காலம் உழைக்கின்றன.

கழுத்தில் வெடிப்பு என்றால் அது வேறு கதை, ஆபத்தும் குறைவு. கூட்டின் பித்தளை எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. சுருக்கி விரித்துச் சுருக்கி விரித்து அது விறைத்துப் போகிறது. வெடித்த கூட்டை எறியுங்கள். மற்றவற்றின் கழுத்தையும் தோளையும் அனலில் பதப்படுத்தலாம். அடிப்பாகம் சூடேறி இளகிவிட்டால் அந்தக் கூடு அழுத்தத்தைத் தாங்காது.

அறிகுறி: விசையை அழுத்தினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும்

குழலை இலக்கின் திசையிலிருந்து விலக்காமல் ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு வெளியே எடுத்துப் பிரைமரைப் பாருங்கள். அதன் மேல் சுடும் ஊசியின் தடம் ஆழமாக இருந்தால் பிரைமர் கெட்டிருக்கிறது, பெரும்பாலும் எண்ணெய் அல்லது ஈரம் பட்டு. தடம் மேலோட்டமாக இருந்தால் இரண்டு வழிகள். பிரைமர் குழியின் அடிவரை இறங்காமல் நின்றிருக்கலாம். முதல் அடியின் விசை அதை உள்ளே தள்ளவே செலவாகிவிடும். பிரைமரின் முகம் கூட்டின் அடியைவிடச் சற்றே தாழ்ந்திருப்பதை விரல் நுனியால் தடவி உறுதிசெய்யுங்கள். அல்லது போல்ட்டுக்குள் எண்ணெய் குளிரில் இறுகி ஊசியின் வேகத்தைக் குறைத்திருக்கலாம். பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே இது எளிதில் நடக்கும். நவம்பருக்கு முன் போல்ட்டைப் பிரித்து எண்ணெயை முற்றிலும் துடைத்துவிடுங்கள்.

வழக்கத்துக்கு மாறாக மெலிந்த ஓசை கேட்டு உதை இல்லை என்றால் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். ரைஃபிளைக் காலிசெய்து, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் இன்னொரு தோட்டாவை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். அடைக்கும்போது ஐம்பது கூடுகளையும் பலகையில் நிற்க வைத்து, குண்டு பதிக்கும் முன் கைவிளக்கால் ஒவ்வொன்றின் மருந்து மட்டத்தையும் பார்த்தால் இது நேராது.

அறிகுறி: குண்டுகள் சிதறுகின்றன

இங்கேதான் மக்கள் மாதக்கணக்கில் மருந்தையும் குண்டையும் வீணாக்குகிறார்கள். ஆகவே நின்று பேசுகிறேன்.

முதலில் நல்ல தொழிற்சாலைத் தோட்டாக்கள் பத்தை அதே ரைஃபிளில், அதே மேசையில் சுடுங்கள். அவையும் சிதறினால் உங்கள் தோட்டாவைத் திருத்திப் பயனில்லை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் அடித்தட்டுத் திருகுகளைப் பாருங்கள்; என் நண்பர்களின் ரைஃபிள்களில் இதுவரை கண்ட முதல் குற்றவாளி அதுதான். பிறகு ரைஃபிளின் கட்டையையும், போல்ட் ஓடும் இயந்திரத்தையும் இணைக்கும் திருகுகள். பிறகு ஒரு தாள் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் ஓட்டிப் பாருங்கள், எங்காவது சிக்குகிறதா என்று. குழல்முனையில் கீறல் இருக்கிறதா, உள்ளே செம்புப் படிவு ஏறியிருக்கிறதா என்பதும் இந்த வரிசையில் அடங்கும்.

தொழிற்சாலைத் தோட்டா நன்றாகச் சேர்ந்து, உங்களுடையது சிதறினால் சிதறலின் வடிவத்தைப் பாருங்கள். 100 கெஜத்தில் மேலும் கீழுமாக நீண்டால் மருந்தின் வேக வேறுபாடு என்று உடனே சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் செல்லும் குண்டு 50 அடி வேகம் மாறினால் 100 கெஜத்தில் வேறுபாடு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குதான். 300 கெஜத்தில்தான் அது ஓர் அங்குலத்தை நெருங்கும். ஆகவே 100 கெஜத்தில் இரண்டு அங்குலச் செங்குத்துச் சிதறலுக்கு ரைஃபிளைத் தாங்கும் முன்பக்க மூட்டை, அதை உங்கள் தோளில் பதிக்கும் விதம், மூச்சு ஆகியவையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் நீண்டால் காற்றும் விசை விரலும். இரண்டு தனித்தனிக் கூட்டங்களாக விழுந்தால் கட்டைக்குள் இயந்திரம் ஆடுகிறது. சுடச்சுட ஒரே திசையில் நகர்ந்தால் மெல்லிய வேட்டைக் குழல் சூடேறுகிறது. தோட்டாவுக்குத் தோட்டா இடைவெளி விடுங்கள். வேகமானியைக் குழலிலேயே கட்டும் வகை என்றால், அது குழலின் அதிர்வை மாற்றிக் குண்டு விழும் இடத்தையே நகர்த்திவிடும். வேகம் எடுக்கும் நாளும் சிதறல் பார்க்கும் நாளும் வேறுவேறாக இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் சிதறினால்தான் தோட்டாவைத் தொடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் முதலில் கூடுகளை ஒரே தயாரிப்பாக, ஒரே எண்ணிக்கை முறை சுட்டவையாகப் பிரிப்பேன். அடுத்து குண்டு பதித்த தோட்டாவை உருட்டி, முனை ஆடுகிறதா என்று பார்ப்பேன். அடுத்து பதிக்கும் ஆழம். மருந்தின் அளவு கடைசியில்தான் வரும்.

இனி எண்ணிக்கை. மூன்று குண்டுகள் ஒரு நாணயத்துக்குள் விழுந்த தாளைச் சட்டமிட்டு மாட்டியவர்களை அறிவேன். அதே தோட்டாவில் பத்துக் குண்டுகள் சுட்டால், எதையும் மாற்றாமலே சிதறல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேல் விரியும். இது தோட்டாவின் குறையல்ல, எண்ணிக்கையின் இயல்பு. மருந்தைச் சிறு படிகளாகக் கூட்டி, ஒரு படிக்கு ஒரு குண்டு வீதம் சுட்டு, எந்தப் படிகள் அருகருகே விழுகின்றன என்று தேடும் ஏணிச் சோதனை பலருக்குப் பிடித்தமானது. எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துவிட்டது. அதே சோதனையை மறுவாரம் திரும்பச் செய்தபோது வேறு படிகள் அருகருகே விழுந்தன. இப்போது பாதுகாப்பான எல்லைக்குள் இரண்டு அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு வெவ்வேறு நாட்களில் பத்துப் பத்தாகச் சுடுகிறேன்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். மானின் உயிர்நிலைப் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குலம். 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் பத்துக் குண்டுகளைச் சேர்க்கும் தோட்டா 300 கெஜத்தில் நாலரை அங்குலத்தில் நிற்கும். என் வேட்டைக்கு அது போதும். மீதி நேரத்தை மண்டியிட்டும் நின்றும் சுட்டுப் பழகச் செலவிடுகிறேன்.

அறிகுறி: தாளில் துளை நீள்வட்டமாக இருக்கிறது

குண்டு நிலைகொள்ளாமல் புரண்டு சாய்ந்து போகிறது. குழலின் புரி அந்தக் குண்டின் நீளத்துக்குப் போதுமான அளவு சுழற்றவில்லை. புரி எவ்வளவு சுழற்ற வேண்டும் என்பதற்கு 1879இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஜார்ஜ் கிரீன்ஹில் வகுத்த சூத்திரத்திலேயே எடைக்கு இடமில்லை, நீளத்துக்குத்தான் இடம். இது இன்று முன்னிலும் முக்கியம். கலிஃபோர்னியாவில் காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் மடிவதைத் தடுக்க, 2019 ஜூலை 1 முதல் வேட்டை அனைத்துக்கும் ஈயமற்ற குண்டு கட்டாயமாயிற்று. மற்ற இடங்களிலும் பலர் தாங்களாகவே செம்புக்கு மாறுகிறார்கள். நானும் மாறினேன், இறைச்சியில் ஈயத் துகள் வேண்டாம் என்பதற்காக. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடையில் குண்டு நீளமாகிறது. பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய .308 குழலில் கனமான செம்புக் குண்டு தடுமாறலாம். எடை குறைந்த செம்புக் குண்டுக்கு இறங்குங்கள். நீளமான குண்டு கூட்டுக்குள்ளும் அதிக இடம் பிடிப்பதால், அதே எடை ஈயக்குண்டின் மருந்து அளவை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். செம்புக் குண்டு சிதறினால், புரியிலிருந்து இன்னும் பின்னே, ஓர் அங்குலத்தின் நூறில் ஐந்து பங்கு இடைவெளி விட்டுத் தொடங்கிப் பாருங்கள்.

அறிகுறி: கோடையில் நன்றாகச் சுட்டது குளிரில் கீழே விழுகிறது

வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் வினாடிக்கு ஓர் அடி வேகம் மாறும் மருந்துகள் உண்டு. ஜூலையில் 30 டிகிரி செல்சியஸ், நவம்பரில் பூஜ்யத்துக்கு 20 கீழே என்றால் 90 டிகிரி ஃபாரன்ஹீட் வேறுபாடு. குளிரைப் பொருட்படுத்தாத மருந்துக்கு மாறுங்கள், அல்லது முதல் உறைபனி விழுந்த வாரத்தில் ஸ்கோப்பைத் திரும்பச் சரிசெய்யுங்கள். குளிரில் உருவாக்கிய உச்ச அளவைக் கோடையில், அதுவும் வெயிலில் கிடந்த தோட்டாவில் சுடுவது கட்டுரையின் முதல் அறிகுறிக்கே உங்களைக் கொண்டுபோகும்.

அறிகுறி: கூடு டைக்குள் சிக்கிக்கொண்டது, அல்லது தோளில் பள்ளம்

இரண்டும் மசகின் அளவு. சிக்கினால் குறைவு. நெம்புகோலில் தொங்காதீர்கள், அடியில் துளையிட்டுத் திருகால் இழுக்கும் கருவி மலிவாகக் கிடைக்கிறது. பள்ளம் விழுந்தால் அதிகம். சிறு பள்ளம் அடுத்த சூட்டில் நிமிர்ந்துவிடும்.

பருவத்துக்கு முந்தைய வாரம்

அந்த முதல் காலைக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வேட்டைக்கு எடுத்துச் செல்லும் இருபது தோட்டாக்களையும் சுடுகளத்துக்குக் கொண்டுபோய், குழலை இலக்கை நோக்கி வைத்து, விரல் விசைக்கு வெளியே இருக்க, ஒவ்வொன்றையும் ரைஃபிளின் சேமக்கூட்டிலிருந்து (மேகசின்) அறைக்குள் ஏற்றி வெளியே எடுக்கிறேன். போல்ட் ஒரே சீராக மூட வேண்டும். சற்றே இறுக்கம் காட்டியதைச் சுடாமல் தனியே வைத்து, வீட்டில் பிரித்துப் பார்க்கிறேன். சீராகப் போனவை பெட்டிக்குள் போகின்றன. பெட்டியின் மேல் மருந்தின் பெயர், தொகுதி எண், எடை, குண்டு, பிரைமர், கூடு எத்தனை முறை சுட்டது, அடைத்த தேதி, எந்த ரைஃபிள் என்று எழுதி ஒட்டுகிறேன். சென்ற ஆண்டு இருபதில் ஒன்று இறுக்கம் காட்டியது. அந்தக் கூட்டை வீட்டில் அளந்தபோது நீளம் 2.017 அங்குலம் இருந்தது. அதே தொகுதியில் மற்ற பத்தொன்பதையும் அன்றிரவே பிரித்து வெட்டினேன்.